மலைக்காட்சி யாருடையது?

திருமலையில் எவரும் பூச்சூடுவதில்லை. அம்மலையில் மலரும் மலர்கள் யாவும் திருவேங்கடமுடையானுக்கே உரியவை என்பது நெடுங்காலமாக அங்கு நிலவிவரும் மரபு. வைணவப் பெரியோர் திருவரங்கத்தைப் போக மண்டபம் என்றும், காஞ்சியைத் தியாக மண்டபம் என்றும், திருமலையைப் புஷ்ப மண்டபம் என்றும் போற்றுவர். வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மல்லிகைச் சரத்தோடு புறப்படும் பெண்கள்கூட, மலையேறும் முன் அதனை எடுத்து வைத்துவிடுகின்றனர். மலர் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மணம் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனால் எவருடைய கூந்தலுக்கும் அது சொந்தமில்லை. அழகான ஒன்றை அனைவரும் அனுபவிக்க வேண்டுமானால் ஒருவரும் அதைத் தமதாக்கிக் கொள்ளாதிருக்க வேண்டும் என்ற நுட்பமான எண்ணம் இம்மரபினுள் அடங்கியிருக்கிறது.

மலையடிவாரத்தில் நிலைமை வேறு. திருப்பதி நகரில் இன்று எழுந்துவரும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றின் விளம்பரங்களில் முதலிடம் பெறுவது மலைக்காட்சிதான். பால்கனியில் நின்றால் சேஷாசல மலைத்தொடர் முழுவதும் தெரியும் என்பது வாங்குவோருக்கு அளிக்கப்படும் வாக்குறுதி. மலையைப் பார்த்த வீட்டுக்கு ஒரு விலை. சாலையைப் பார்த்த வீட்டுக்கு வேறொரு விலை. அவ்வாறு ஒரு கட்டடம் எழுந்ததும், அதன் பின்னால் நூறாண்டுகளாக நின்ற ஓட்டு வீட்டின் திண்ணையிலிருந்து மலை மறைந்துவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து, முன்னால் அதைவிட உயர்ந்த இன்னொரு கட்டடம் எழும்பும்போது, விலை கொடுத்து வாங்கியவருக்கும் அதே கதிதான். மலை விற்கப்படவில்லை, அதைக் காணும் வாய்ப்பு மட்டுமே விற்கப்பட்டது. அவ்வாய்ப்பு யாருடைய உடைமையாக இருந்தது, யார் அதை விற்றார் என்ற கேள்விக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் விடை கிடைக்காது.

இது வெறும் நகரமைப்புக் கேள்வியன்று. அறத்தைப் பற்றிய கேள்வி. எனினும், விடை காணும் முன் ஊரின் வரலாற்றைச் சற்று நினைவில் கொள்வது நலம்.

வந்து குடியேறியவர்களின் ஊர்

கீழ்த்திருப்பதி திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஊர். பகவத் ராமானுஜர் 1130-ஆம் ஆண்டில் கோவிந்தராஜப் பெருமாளை இங்கு எழுந்தருளச் செய்தார் என்றும், அக்கோயிலைச் சுற்றித் தேர் ஓடும் வீதிகளும் கைங்கரியம் செய்வோர் குடியிருப்புகளும் அமைந்தன என்றும் மரபு கூறும். தில்லையிலிருந்து இடம்பெயர்ந்த மூர்த்தியின் நினைவாகவே இத்திருவுருவம் அமைந்தது என்பர். அப்படியானால், இவ்வூரின் பெருமாளே வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்தாம்! தமிழ், தெலுங்கு, கன்னடம், மராத்தி பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் வந்து இவ்வீதிகளில் கலந்தன. 1960-இல் சென்னை, ஆந்திர மாநிலங்களின் எல்லை திருத்தப்பட்டு, சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணிப் பகுதி பிரிந்து சென்றபோதும், திருப்பதியிலும் சித்தூரிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. ஆகவே, 'வெளியாட்கள் வந்து ஊரைக் கெடுத்துவிட்டார்கள்' என்று இங்கு எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்ற வேறுபாடு மட்டுமே உண்டு.

பின்னால் வந்தவர்களின் எண்ணிக்கை பெருகியதற்குக் காரணங்கள் பல. 1954-இல் வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அதே ஆண்டில் அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகம் என ஒன்றன்பின் ஒன்றாகக் கல்வி நிலையங்கள் அமைந்தன. பெரிய மருத்துவமனைகள் தோன்றின. மலையேறும் அன்பர்களோ நாள்தோறும் பல்லாயிரவர். 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 2,28,000 ஆக இருந்த நகர மக்கள்தொகை 2011-இல் சுமார் 2,87,000 ஆயிற்று. 2007-இல் நகராட்சி மாநகராட்சியானது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2023 செப்டம்பரில் ஸ்ரீநிவாச சேது என்ற நீண்ட மேம்பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டது. வடக்கே மலையும் காடும் சுவராக நிற்பதால் அத்திசையில் நகரம் நகர இயலாது. பக்கவாட்டில் விரிய வேண்டும். அல்லது மேல்நோக்கி வளர வேண்டும்.

சித்தூரில் இம்மாற்றம் இன்னும் மெல்லவே நிகழ்கிறது. கட்டமஞ்சி ஏரியும் நீவா நதியும் அவ்வூர் மக்களின் பேச்சில் இன்றும் இடம்பெறுகின்றன. ஆனால் பெங்களூர் - சென்னை விரைவுச் சாலை அம்மாவட்டத்தின் வழியே செல்வதால், திருப்பதி இன்று கேட்டுக்கொள்ளும் கேள்வியைச் சித்தூர் நாளை கேட்டுக்கொள்ள நேரும்.

இரு தரப்பிலும் உள்ள நியாயம்

உயர்ந்த கட்டடங்களை விரும்பாதோர் கூறுவன அனைவரும் அறிந்தவையே. காற்றும் வெளிச்சமும் தடைப்படுகின்றன. தெரு தாங்காத அளவுக்கு வண்டிகள் வருகின்றன. கோபுரத்தைவிட உயரமாகக் கட்டலாகாது என்ற பழைய வழக்கம் மீறப்படுகிறது. பக்கத்து வீட்டில் துக்கம் நிகழ்ந்தாலும் தெரியாத வாழ்க்கை வளர்கிறது. இவற்றில் உண்மை இருக்கிறது.

மறுதரப்புக்கும் செவிசாய்க்க வேண்டும். ஓர் ஏக்கர் நிலத்தில் பத்துக் குடும்பங்கள் தனித்தனி வீடு கட்டிக்கொள்ளலாம். அதே நிலத்தில் உயரக் கட்டினால் நூறு குடும்பங்கள் வாழலாம். அந்தத் தொண்ணூறு குடும்பங்களுக்கும் தரையிலேயே வீடு வேண்டுமென்றால் சந்திரகிரிப் பக்கத்து வயல்களும் ரேணிகுண்டாச் சாலையின் மாந்தோப்புகளும் மனைகளாக வேண்டும். ஏற்கெனவே பல ஆகிவிட்டன. உயரமான கட்டடம் நிலத்தைச் சேமிக்கிறது என்பது எளிதில் மறுக்கக்கூடிய வாதமன்று. கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞருக்கும், மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியருக்கும் கோயில் வீதியில் பூர்விக வீடு கிடையாது. அவர்கள் எங்கே வாழ்வது?

இங்கு ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். உயரத்தைப் பழிப்பவர்களில் பலர், கிணறும் தோட்டமும் உள்ள சொந்த வீட்டில் அமர்ந்துகொண்டு பழிப்பவர்கள். தமக்குக் கிடைத்த காற்றும் காட்சியும் அப்படியே நீடிக்க வேண்டும் என்ற ஆசையை அவர்கள் பண்பாட்டுக் கவலை என்று அழைக்கின்றனர். திண்ணையிலிருந்து மலை தெரிந்த வீட்டுக்காரர், தம் வீடு எழுவதற்கு முன் அவ்விடத்தில் நின்று மலையைப் பார்த்தவர் யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? முதலில் வந்தது ஒருவருக்குப் பெருமையாக இருக்கலாம்; அதனாலேயே அது உரிமையாகிவிடாது. பற்று என்பது பதினைந்தாவது மாடியிலும் இருக்கும். ஓட்டு வீட்டின் முற்றத்திலும் இருக்கும்.

பார்க்கப்படும் உயரமும் பார்க்கும் உயரமும்

உயரம் தன்னளவில் பாவமாக இருந்தால் கோபுரம் எழுப்பிய முன்னோர் அனைவரும் பாவிகளாவர். கோவிந்தராஜப் பெருமாள் கோயிலின் முன்கோபுரம் ஏழு நிலைகளுடன் ஏறத்தாழ 50 மீட்டர் உயரம் கொண்டது; 17-ஆம் நூற்றாண்டில் மட்லி அனந்தராஜா என்னும் சிற்றரசர் எழுப்பியது. இன்றைய அளவுகோலின்படி அது பதினைந்து, பதினாறு மாடிக் கட்டடத்துக்கு இணையானது. அக்காலத்தில் அதைக் கண்டு எவரும் 'காற்றை மறைக்கிறது' என்று குறைப்பட்டிருக்கமாட்டார்கள். வேறுபாடு எங்கே இருக்கிறது?

கோபுரம் பார்க்கப்படுவதற்காக எழுந்தது. அதன் உச்சியில் எவரும் குடியிருப்பதில்லை. அங்கிருந்து யாரும் கீழே நோக்குவதில்லை. நாழிகைக் கணக்காக நடந்துவரும் வழிப்போக்கன், உள்ளே வர இயலாத நோயாளி, கோயில் வாசலையே மிதிக்க அனுமதிக்கப்படாதிருந்த காலத்து எளியவன் ஆகிய அனைவருக்கும் தொலைவிலிருந்தே தரிசனம் கிடைக்கச் செய்வது அதன் பணி. அதன் உயரம் முழுவதும் மற்றவர்களுக்காக. அடுக்குமாடி வீட்டின் உயரமோ உள்ளிருப்பவர் வெளியே பார்ப்பதற்காக. வெளியிலிருப்பவருக்கு அது ஒரு சுவர். இரண்டும் ஒரே அளவு உயரமாயினும் ஒன்று கொடுக்கிறது, மற்றொன்று எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்வது தவறு என்பதில்லை. வீடு என்பதே ஒருவகையில் எடுத்துக்கொள்வதுதான். எடுத்துக்கொண்டதற்கு ஈடாக என்ன திருப்பித் தரப்படுகிறது என்பதே கேட்கத் தக்கது.

சட்டமும் இவ்வேறுபாட்டை ஓரளவு அறிந்தே இருக்கிறது. 2012-இல் ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேச அரசு வெளியிட்ட கட்டட விதிகள், அறிவிக்கப்பட்ட வழிபாட்டுத் தலங்களிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டடங்களின் உயரத்தைப் பெரிதும் கட்டுப்படுத்தின. அதற்கப்பால் 300 மீட்டர் வரை உயர்மாடிக் கட்டடங்களுக்கு இடமளிக்கவில்லை. பழைய வழக்கத்தின் நிழல் அரசாணையில் விழுந்திருக்கிறது எனலாம். ஆயினும் 301-ஆவது மீட்டரில் அறம் முடிந்துவிடுவதில்லை.

உயரம் எழுப்புவோருக்கு ஒரு கடமையையும் சுமத்துகிறது: அதைக் காப்பது. திருக்காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் நின்று, 2010 மே 26 அன்று சரிந்து விழுந்தது. விரிசல்கள் அதற்கு நெடுநாள் முன்பே தெரிந்திருந்தன. புதிய கோபுரம் எழுந்து 2017-இல் குடமுழுக்குக் கண்டது. ஐந்நூறு ஆண்டுகள் நின்ற கல்லுக்கே இந்நிலை என்றால், இரும்புக் கம்பியும் சிமெண்டும் கொண்டு எழுப்பப்படும் கட்டடங்களை அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப் பின் யார் பராமரிப்பார்? இன்று வாங்குபவரின் பேரன் காலத்தில் அது இடிக்கப்பட வேண்டியதானால், நூறு குடும்பங்களின் ஒப்புதலைப் பெற்று அதைச் செய்வது யார்? விற்பவர் இக்கேள்வியை எழுப்புவதில்லை, வாங்குபவரும் எழுப்புவதில்லை.

அவசரம் வணிகர்களுக்கு மட்டும் உரிய குற்றமன்று என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். திருமலைக் கோயிலின் முன்பு 1464-இல் சாளுவ மல்லய்யா எழுப்பிய ஆயிரங்கால் மண்டபம், நெரிசலைக் குறைக்கும் பெருந்திட்டத்தின் பெயரால் 2003-இல் அகற்றப்பட்டது. பக்தர்களின் வசதிக்காகவே அது செய்யப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஐந்நூறு ஆண்டு நிழலைச் சில வாரங்களில் அப்புறப்படுத்திய அந்தச் செயலை நினைத்து இன்றும் பலர் பெருமூச்செறிகின்றனர்.

முதலில் ஏரி வெட்டியவர்

ராமானுஜர் ஒருமுறை தம் சீடர்களை நோக்கி, திருமலைக்குச் சென்று தங்கிப் பெருமாளுக்கு மலர்த்தொண்டு செய்ய முன்வருபவர் யார் என்று வினவினார். அடர்ந்த காடும் கடுங்குளிரும் நிறைந்த இடம், எல்லோரும் தயங்கினர். அனந்தாழ்வான் எழுந்து நின்றார். மனைவியுடன் மலைக்கு வந்து குடியேறிய அவர், தமக்கென மாளிகை எழுப்பவில்லை. நந்தவனத்துக்கு நீர் வேண்டுமே என்று முதலில் ஏரி வெட்டினார். கருவுற்றிருந்த மனைவி மண் சுமந்தாள். உதவிக்கு வந்த சிறுவனைத் தம் தொண்டில் பங்கு கேட்கிறானே என்று கோபித்துக் கடப்பாரையை வீசினார் என்பதும், அச்சிறுவன் வேங்கடவனே என்பதும், அதனால்தான் பெருமாளின் மோவாயில் இன்றும் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுகிறது என்பதும் திருமலையில் எல்லோரும் அறிந்த வரலாறு. அக்கடப்பாரை கோயிலின் மகாத்துவாரத்தில் இன்றும் காணக் கிடைக்கிறது.

இக்கதையில் அன்பர்கள் வழக்கமாகக் கவனிப்பது பெருமாளின் எளிமையை. அடுக்குமாடிகளைப் பற்றிச் சிந்திப்பவர் வேறொன்றைக் கவனிக்கலாம்: புதிதாகக் குடியேற வந்தவர் முதலில் செய்த வேலை என்ன என்பதை.

திருப்பதியைச் சுற்றிலும் அவ்வாறு முன்னோர் வெட்டிவைத்த ஏரிகளும் குட்டைகளும் நிறைய இருந்தன. தாத்தய்யகுண்டா, தும்மலகுண்டா, அவிலாலா ஏரி எனப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. 'குண்டா' என்றால் தெலுங்கில் குட்டை. பெயர் இருக்கும் இடத்திலெல்லாம் நீர் இருக்கிறதா என்பதைப் போய்ப் பார்ப்பவர் கண்டுகொள்வர். 2021 நவம்பர் 18, 19 ஆகிய நாட்களில் பெருமழை கொட்டியபோது, மலைப்படிகளில் வெள்ளம் அருவியாக இறங்கியது. கபில தீர்த்தம் பொங்கியது. நகரின் தெருக்கள் ஓடைகளாயின. சொர்ணமுகி ஆற்றங்கரையில் ஒரு வீடு அப்படியே ஆற்றில் சரிந்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது. சில நாட்களில் பழமையான ராயல ஏரியின் கரையில் கசிவு ஏற்பட, கீழேயுள்ள கிராம மக்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். மலையிலிருந்து இறங்கும் நீருக்குத் தன் வழி தெரியும். ஆண்டுக்கணக்காக அது வராமல் இருந்ததால் மனிதர்கள்தாம் அந்த வழியை மறந்துவிட்டனர்.

வெள்ளம் ஒருபுறமிருக்க, வறட்சியும் இவ்வூருக்குப் புதிதன்று. 1970-களில் கட்டப்பட்ட கல்யாணி அணை போதாமற்போய், தெலுங்கு கங்கைத் திட்டத்தின் நீர் கண்டலேறு அணையிலிருந்து குழாய் வழியே வருகிறது. சென்னை மாநகரின் தாகம் தீர்ப்பதற்காக 1983-இல் ஒப்பந்தமான அதே திட்டந்தான். ஸ்ரீசைலத்தில் தேங்கும் கிருஷ்ணா நதி நீர் கால்வாய்களில் நெடுந்தூரம் பயணம் செய்து, மின்விசையால் ஏற்றப்பட்டு, பத்தாவது மாடியின் குழாயில் சொட்டுகிறது. குழாயைத் திறப்பவருக்கு இப்பயணம் தெரிவதில்லை. ராயலசீமையின் வானம் பார்த்த வயல்களில் அதே நீருக்காகக் காத்திருப்பவர்களையும் அவர் அறிய மாட்டார்.

உலகம் தமக்குத் தந்ததைத் திருப்பித் தராமல் அனுபவிப்பவனைத் திருடன் என்றே கீதை குறிப்பிடுகிறது. கடுமையான சொல். பணம் கொடுத்துத்தானே வாங்கினேன், இதில் திருட்டு எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றும். வீட்டுக்குப் பணம் கொடுத்தது உண்மை. நிலத்தடியில் பல தலைமுறைகளாகச் சேர்ந்த நீருக்கு எவரும் பணம் கொடுக்கவில்லை. ஆழ்துளைக் கிணற்றை மேலும் மேலும் ஆழமாக்கும் ஒவ்வொரு கட்டடமும், பக்கத்துத் தெருவின் நாற்பதடிக் கிணற்றை வற்றச் செய்கிறது. யோக நூல்கள் கள்ளாமையை முதற்படியான யமங்களில் ஒன்றாக வைத்திருப்பது பிறர் பணப்பையை மட்டும் நினைத்தன்று. கூரையில் விழும் மழையை மண்ணுக்குள் அனுப்புவதும், கழிவுநீரைச் சுத்தம் செய்து மரங்களுக்கு விடுவதும் இன்று பொறியியல் காரியங்களாகக் கருதப்படுகின்றன. முன்னோர் இவற்றை வேள்வி என்ற ஒரு சொல்லில் அடக்கியிருப்பர்.

பூட்டிய வீடுகள்

திருப்பதியின் அடுக்குமாடிகளுக்கு வேறு ஊர்களில் அதிகம் காணாத ஒரு தன்மை உண்டு. சென்னை, பெங்களூர், ஹைதராபாத் போன்ற நகரங்களில் வாழ்வோரும், கடல் கடந்து வாழ்வோரும் தரிசனத்துக்கு வரும்போது தங்கவென்று இங்கு வீடு வாங்கி வைக்கின்றனர். வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள், பிரம்மோற்சவத்துக்கு மூன்று நாள் என்று விளக்கெரியும் வீடுகள் அவை. மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. அதே கட்டடத்தைக் கட்டிய தொழிலாளர்கள், வேலை நடந்த காலம் முழுவதும் அதன் நிழலில் தகரக் கொட்டகைகளில் குழந்தைகளோடு வாழ்ந்தனர். கட்டி முடிந்ததும் அடுத்த கட்டடத்தைத் தேடிச் சென்றனர்.

பக்தியின் பொருட்டு வாங்கப்பட்ட வீடு என்பதால் இதைக் குறைகூறப் பலரும் தயங்குவர். குறைகூறுவதும் எளிதன்று. ஆயினும் தேவைக்கு மேல் கொள்ளாமை என்பது ஆடைக்கும் அணிகலனுக்கும் பொருந்துமாயின் வீட்டுக்கும் பொருந்தும். ஆடை பெட்டியில் கிடந்தால் மற்றொருவர் குளிரில் நடுங்குவார் என்பது நேரடியாகத் தெரியாது. ஊரில் வீடு பூட்டிக் கிடந்தால் வாடகை ஏறி, பள்ளி ஆசிரியரும் பூக்கட்டுபவரும் ஊருக்கு வெளியே தள்ளப்படுவது கண்கூடு.

இதற்கும் நம் நாட்டில் ஒரு பழைய தீர்வு இருந்தது. அது சத்திரம். எல்லோருடைய வீடாகவும் இருந்து எவருடைய வீடாகவும் இல்லாத இடம் அது. வசதியுள்ளவர் யாத்திரைத் தலத்தில் தமக்கென வீடு கட்டிக்கொள்ளாமல், வருவோர் போவோர் அனைவருக்குமாகச் சத்திரம் கட்டினர். தாமும் வந்தால் அதில் ஒரு மூலையில் தங்கினர். தரிகொண்ட வெங்கமாம்பா என்ற அம்மையார் திருமலையில் யாத்திரிகர்களுக்கு அன்னமிட்ட தொண்டு அத்தகைய மனத்திலிருந்து பிறந்தது. இன்று பல்லாயிரவர் உண்ணும் அன்னதானக் கூடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சத்திரங்களின் தூய்மைக் குறைவும் இரைச்சலும் பலரைத் தனி வீடு நாடச் செய்தன என்பதும் உண்மை. பொதுவானதைப் பேணாத சமுதாயத்தில் தனியானது பெருகத்தான் செய்யும்.

உயரமும் பொதுமையும் ஒன்றுசேரவே முடியாதா? முடியும் என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்ட அந்நாட்டில், இன்று ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மக்கள் அது கட்டிய அடுக்குமாடிகளிலேயே வாழ்கின்றனர். அவற்றுள் பலவற்றில் தரைத்தளம் வீடாக்கப்படாமல் திறந்தே விடப்பட்டிருக்கிறது. அங்கே முதியோர் சதுரங்கம் ஆடுவர். மலாய்க் குடும்பத்தின் திருமணம் நடக்கும். சீனக் குடும்பத்தின் இறுதிச் சடங்கு நடக்கும். தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிப் பாடம் படிப்பர். சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் கோபுரத்தின் பின்னணியில் அத்தகைய அடுக்குமாடிகள் நிற்கின்றன. விலையுயர்ந்த நிலத்தில் ஒரு தளம் முழுவதையும் எவருக்கும் விற்காமல் விடுவது கணக்குப்படி நஷ்டம். அந்த நஷ்டத்தின்மீதுதான் அக்கட்டடங்கள் ஒரு ஊராக நிற்கின்றன. அச்சமுதாயத்தில் எல்லாம் சரி என்று சொல்வதற்கில்லை. இந்த ஒரு செயலில் அவர்கள் சரியாக எண்ணினர்.

உடன்பட்டவரின் பங்கு

'நான் வாங்கினேன், அவ்வளவுதான். அனுமதி அளித்தது அரசு, கட்டியது நிறுவனம்' என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். கொச்சி அருகே மரடுவில் கடற்கரை விதிகளை மீறிக் கட்டப்பட்ட நான்கு குடியிருப்புகள் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் தூளாயின. நொய்டாவில் சுமார் 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28 அன்று சில நொடிகளில் மண்ணாயின. அவற்றில் வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்களில் பெரும்பாலோர் தெரிந்து தவறு செய்தவர்கள் அல்லர். அவர்களுக்காக இரங்காதவர் இதயமற்றவர். ஆனாலும் ஒரு செயலின் பலனில் செய்பவன், செய்விப்பவன், தூண்டுபவன், உடன்படுபவன் ஆகிய நால்வருக்கும் பங்குண்டு என்பது ஆன்றோர் வழக்கு. சமையலறையின் கற்பலகை எந்த நிறம் என்று பத்து முறை கேட்பவர், இந்நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று ஒருமுறை கேட்டால் போதும். வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் ஏரிப் புறம்போக்குகள் இன்றும் எண்களோடு இருக்கின்றன.

கேட்பதால் பயன் விளைவதுண்டு. அலிபிரி அருகே மலையடிவாரத்தில் நட்சத்திர விடுதிக்கு ஒதுக்கப்பட்ட நிலம் குறித்து எதிர்ப்பு எழுந்தபோது, அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்வதாக 2025 மார்ச்சில் முதலமைச்சர் திருமலையிலேயே அறிவித்தார். அதன் அரசியலும் அடுத்தடுத்த நிகழ்வுகளும் இங்கு வேண்டா. 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலக் காட்டின் விளிம்பில் எது நிற்கலாம், எது நிற்கலாகாது என்று மக்கள் குரலெழுப்பியதும், அக்குரல் கேட்கப்பட்டதும் கவனிக்கத் தக்கவை.

அருகில் இருப்பது

ஓய்வுபெற்ற முதியோர் பலர் திருப்பதியில் வீடு வாங்குவதற்குச் சொல்லும் காரணம் உள்ளத்தைத் தொடுவது. கடைசிக் காலத்தில் அவன் அருகில் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் மலையைப் பார்க்க வேண்டும். இவ்விருப்பத்தில் பேராசை இல்லை. வாழ்நாளெல்லாம் அலுவலகத்துக்கும் குடும்பத்துக்கும் உழைத்த ஒருவர் ஆறாவது மாடியின் பால்கனியில் நின்று மலையை நோக்கிக் கைகூப்புவதைக் கண்டு குறைசொல்ல யாருக்கு மனம் வரும்? வைணவ மரபோ அருகாமையை வேறு விதமாகவும் அறிந்திருக்கிறது. ஆழ்வார்களில் பலர் திருமலை முழுவதையும் ஆதிசேஷனின் வடிவாகக் கருதி அதன்மேல் கால் வைக்கத் தயங்கினர் என்பர். ராமானுஜர் அவ்வாறே தயங்கி, பின்னர் முழங்கால்களால் ஏறினார் என்று குருபரம்பரை வரலாறு சொல்லும்.

அவர் தம் தாய்மாமனான திருமலை நம்பியிடம் ராமாயணப் பொருள் கேட்க விரும்பியபோது, மலைமேல் சென்று தங்கவில்லை. அடிவாரத்தில் அலிபிரியில் தங்கினார். முதியவரான நம்பி மலையிலிருந்து நாள்தோறும் இறங்கி வந்து ஓராண்டுக் காலம் கற்பித்தார். பாடத்தில் ஆழ்ந்துவிடுவதால் உச்சிக்கால வழிபாட்டுக்கு மேலே செல்ல இயலவில்லையே என்று நம்பி வருந்தியதாகவும், மறுநாள் அவர்கள் அமரும் இடத்திலேயே பெருமாளின் திருவடிச் சுவடுகள் தோன்றியிருந்ததாகவும் மரபு கூறுகிறது. அவ்விடத்தில் இன்று பாதால மண்டபம் நிற்கிறது. நடந்து மலையேறும் அன்பர்கள் முதலில் அங்கே நின்று, பெருமாளின் பாதரட்சைகளைத் தலைமேல் தாங்கி வலம் வருகின்றனர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் நகரம் முழுவதும் தெரிகிறது.